மார்ட்டினின் கோட்டு

லிவர்பூல்
15 பிப்ரவரி 1866

அன்புள்ள ஹனோரா அக்காவுக்கு,

நேற்று, "நகராட்சிக்காரனுக்கு இங்க என்னடா வேல, போ!" என்று கதவைச் சாத்திவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். மார்ட்டின் அத்தான் புள்ளிக் காய்ச்சலில் போனபோது மெத்தை, போர்வை எல்லாவற்றையும் நானே எரித்தேன். கோட்டு மட்டும் என் கைக்கு வரவில்லை. இப்போது உன் சந்தில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். வீடு வீடாக விசாரித்தேன். நால்வரும் கோவிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அங்கே அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தது யார்? கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். காய்ச்சல் துணியோடு போகிறது, அக்கா. உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடு.

உன் தம்பி பார்ட்லி

16 பிப்ரவரி

பார்ட்லிக்கு,

கோட்டு எரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. இறந்தவனின் உடுப்பை வேண்டியவன் ஒருவன் மூன்று ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போகாவிட்டால், செத்தவன் மறுமையில் அம்மணமாக நிற்பானே! அப்பாவின் சட்டையை நீதானே போட்டாய், மறந்தாயா? இன்னும் ஒரு ஞாயிறுதான். பிறகு நானே கொண்டுவந்து தருகிறேன். பெயர் கேட்காதே. உங்கள் நகராட்சிக் காய்ச்சல் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் யார் திரும்பினார்கள்?

ஹனோரா

17 பிப்ரவரி

அக்கா,

ஏழு பேராகிவிட்டது. மீன் விற்கும் ஜூடித் இன்று காலை செத்துவிட்டாள். இனி பொறுக்க முடியாது. நாளை கோவில் வாசலில் நிற்பேன், அடித்தாலும் சரி.

பார்ட்லி

18 பிப்ரவரி

தம்பி,

நீ நிற்பாய் என்றுதான் வேறு கோவிலுக்குக் கூட்டிப்போனேன். பூசை நடுவில் சுருண்டு விழுந்துவிட்டான். கோட்டைப் போட்டது நம் சின்னத் தம்பி, நம் கோர்மக். மேலெல்லாம் புள்ளி, என் மடியில் கிடந்து பிதற்றுகிறான். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! வண்டி வேண்டாம். நீ மட்டும் வா.

அக்கா

2 மார்ச்

அக்கா,

வண்டியோடு வந்ததற்கு என்னைச் சபித்தாய். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கோர்மக் நேற்று போய்விட்டான். பக்கத்தில்தான் இருந்தேன். "பூசை பாதியிலேயே விழுந்துட்டேனே, அது கணக்குல சேருமாண்ணே?" என்று கேட்டான். சேரும்டா என்றேன். அன்று அவனை ஒட்டி உட்கார்ந்தவர்கள் யார்? அவன் உடுப்புகள் உன்னிடம் இருக்கின்றன. நாளை வருகிறேன்.

பார்ட்லி

2 மார்ச், மாலை

பார்ட்லி,

வராதே. அந்தக் கோட்டோடு சேர்த்து அவன் சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு நானே கொளுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு லாலர், "நான் போட்டுக்கிட்டுப் போறேம்மா, குடு" என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. சந்தே கூடி என்னைக் காறித் துப்பியது. என் பிள்ளை மாதிரி வளர்த்தவன், அங்கே உடுப்பில்லாமல் நிற்கிறான். உன் மேல் கோபமில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

அன்று அவன் பக்கத்தில் இருந்தது கயிறு திரிக்கும் டூலன், அவன் மனைவி, அவள் கையில் ஒரு பச்சைக் குழந்தை. அந்த வேறு கோவிலுக்குப் பின்னால் நிலவறையில் குடியிருக்கிறார்கள். இங்கே வராமல் அங்கே போ. இப்போதே போ.

ஹனோரா