புழு இல்லாத தூண்டில்

காலையில பாயை உதறும்போது உங்க தூண்டில் முள்ளு ஒண்ணு என் கட்டைவிரல்ல ஏறிருச்சு. அரிசி வண்டு அளவுதான் இருக்கும். அதுல சேவல் இறகு, அணில் வால் முடி, சரிகைன்னு சுத்தி வச்சிருக்கீக. எதிர்முள் இருக்கிறதால பின்னால இழுத்தா வரலை. பல்லைக் கடிச்சு முன்னால தள்ளி, முனையை நறுக்கித்தான் எடுத்தேன். ரத்தத்தைத் துடைச்ச கையோட இதை எழுதுறேன். போய்ச் சேர்ந்த பிறகும் குத்துறீகளே, உங்களை என்ன செய்யலாம்?

கடுதாசின்னா ‘தாங்கள்’, ‘தங்கள்’னு எழுதணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக. இன்னைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நம்ம வீட்டுப் பேச்சு கன்னடம், சண்டை போட்டதெல்லாம் அதுலதான். எனக்கு எழுத வந்தது தமிழ் மட்டும்தான். அதனால இந்தச் சண்டையைத் தமிழ்லயே கேட்டுக்கோங்க.

உலகச் சண்டை முடிஞ்சு பட்டாளத்துல இருந்து வந்தப்போ உங்க வலது கை விரல் ஒண்ணு கூட மடங்காது. லாரிக் கதவுல நசுங்குன கை. கூடவே ஒரு தகர டப்பாவைக் கொண்டாந்தீக. பிஸ்கோத்து இருக்கும்னு ஆசையாத் திறந்தேன். உள்ள தூண்டில் முள்ளும் கோழி இறகும் தேன்மெழுகுக் கட்டியும். ஆஸ்பத்திரியில மருந்து கட்டுன வெள்ளைக்காரர் சொல்லிக் குடுத்தாராம். புழு வேண்டாமாம், இரை வேண்டாமாம். முள்ளுல இறகையும் முடியையும் நூலால சுத்திப் பூச்சி மாதிரி செஞ்சு தண்ணி மேல மிதக்க விட்டா, மீன் நெசப் பூச்சின்னு ஏமாந்து கவ்வுமாம். மீன் ஏமாந்துச்சோ இல்லையோ, நான் ஏமாந்தேன்.

அப்போ நூலுக்கும் சர்க்கார் பங்கீடு போட்ட கண்ட்ரோல் காலம். நெய்யுற ஆள் இருக்கிற தறிக்குத்தான் நூல். அதுவரைக்கும் தறியைப் பார்த்துக்கிட்டிருந்த உங்க தம்பி, தறியில ஏத்துன பாவு நூலைப் பாதி நெய்ததோட விட்டுட்டு மதுரை மில்லுக்குப் போயிட்டாக. நூல் பங்கீடு பண்றவரு வந்து, “பொங்கல் கழிச்சு வருவேன். பட்டாளத்துக்காரர் தறிக்குழியில உக்காந்து நெய்து காட்டுனாப் பங்கு உண்டு. இல்லேன்னா இந்தத் தறி இல்லைன்னு எழுதிருவேன்”னு சொல்லிட்டுப் போனாரு. தறி போனா நமக்குச் சோறு போச்சு. நான் அடுத்த வீட்டுத் தறி நாடாக்களுக்கு நூலைக் குச்சியில ஏத்தித் தார் சுத்திக் குடுத்துக் கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்தேன். நீங்களோ ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு, நகை செய்யுற பத்தர்கிட்ட வாங்குன சின்னக் குறட்டுல முள்ளைப் பிடிச்சு இறகு சுத்துறீக!

“தறியை என்ன செய்யப் போறீக?”ன்னு கேட்டேன்.

“தறி கிடக்கட்டும். மீன் பிடிச்சு வித்துப் பிழைச்சுக்கலாம்”னீக.

புருஷன் ஒரு வழி சொல்றாரேன்னு நம்புனேன். நம்பி முழு மூச்சா இறங்குனேன் பாருங்க, அதுதான் இன்னும் ஆறலை.

தூண்டில் கோல் வாங்கத் திருச்சுழி வரைக்கும் பெட்ரோலுக்குப் பதிலாக் கரியில ஓடுன அந்த பஸ்ஸுல இடிபட்டுப் போனோமே. அடி விறைப்பா நிக்கணும், நுனி மட்டும் வளையணும்னு கடையில இருந்த மூங்கில் எல்லாத்தையும் உருவி ஆட்டிப் பார்த்தீக. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, “கோல் மீனுக்கா, குறி சொல்லவா?”ன்னாரு. “உமக்கு விக்கணுமா, வேண்டாமா?”ன்னு நான்தான் சண்டைக்குப் போனேன்.

கயிறு இன்னொரு பாடு. இறகுக்கு எடை கிடையாது, அதனால கயிறுதான் கனமா இருக்கணும், கயிறை வீசுனா இறகு அது பின்னால போகும்னு சொன்னீக. நடுவுல தடிச்சு, நுனியில மெலிஞ்சு வரணுமாம். கடையில அப்படி ஒரு கயிறு உண்டா? கழிவுப் பட்டு நூலை ராட்டையில போட்டு நான் முறுக்குனேன். தண்ணியில முங்காம இருக்க மெழுகு தேய்ச்சேன். விரல் இடுக்கெல்லாம் அறுந்து புளிக்கொழம்பு பட்டா எரியும். பூச்சிக்கு மினுமினுப்பு வேணும்னீக. என் முகூர்த்தப் புடவை முந்தியில நைஞ்சு போன சரிகையை நானே உருவிக் குடுத்தேன். எதிர்வீட்டுச் சண்டைச்சேவல் கழுத்து இறகுதான் விறைப்பா நிக்கும்னீக. அந்தச் சேவல்காரர் பெண்டாட்டிக்கு ஓசியில தார் சுத்திக் குடுத்து, உதிர்ந்த இறகைப் பொறுக்கிட்டு வந்தேன்.

கார்த்திகை மழையில கண்மாய் நெறஞ்சுச்சு. மொத நாளு ஊரே கரையில நின்னு வேடிக்கை பார்த்துச்சு. நீங்க இடது கையால கயிறைப் பின்னால வீச, அது நேராப் போயிக் கருவேல மரத்துல சிக்கிருச்சு. “ஏலே, பட்டாளத்துக்காரரு மரத்துல மீன் பிடிக்காருலே!”ன்னு ஒருத்தன் கத்துனான். கரை பூராவும் சிரிப்பாணி. நீங்களும் சேர்ந்து சிரிச்சீக. எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

“என்னக்கா, இன்னைக்கு மீன் கொழம்பா, இறகுக் கொழம்பா?”ன்னா பக்கத்து வீட்டுக்காரி.

“உன் வீட்டுக்காரர் சீட்டாட்டத்துல பிடிச்ச மீனை நீ முதல்ல கழுவி வையி. அப்புறம் என் சட்டியை எட்டிப் பாரு”ன்னேன். அதுல நின்னுபோன பேச்சு, நீங்க போன அன்னைக்குத்தான் திரும்ப வந்துச்சு.

இத்தனைக்கும் நடுவுல நீங்க முள்ளைச் சின்னது, அதைவிடச் சின்னதுன்னு வாங்குனீக. வீரசோழன் சந்தையில தூண்டில் முள்ளு விக்கிற பாய், “தங்கச்சி, இந்த முள்ளுல கொசுதான் மாட்டும், எடுத்துச் சொல்லும்மா”ன்னாரு. வீட்டுக்கு வந்து குதிச்சேன். “விரால் வாய் எம்புட்டு, இந்த முள்ளு எம்புட்டு? பெருசா வாங்குனா என்ன கொள்ளை?”ன்னேன். “சின்னதுலதான் சூட்சுமம் இருக்கு”ன்னீக. மொதல்ல நீங்க கட்டுனதெல்லாம் நசுங்குன கரப்பான் பூச்சி மாதிரி இருக்கும். மார்கழியில பார்த்தா ஈ மாதிரி, அப்புறம் கொசு மாதிரி, அம்புட்டு நேர்த்தி. எனக்கு இருந்த கடுப்புல பூச்சியைத்தான் பார்த்தேன். கட்டுற விரலைப் பார்க்கலை.

பொங்கல் முடிஞ்சு பங்கீட்டுக்காரர் வந்தாரு. செருப்பைக் கூட வாசல்ல விடலை. “கையைக் காட்டும்”னு சொல்லி, சந்தையில மாட்டுப் பல்லைப் பார்க்கிற மாதிரி உங்க விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நாட்டுக்காகப் பட்டாளத்துக்குப் போன கையை ஒருத்தர் இப்படிப் பிடிச்சுப் பார்க்கிறதா? வாயைத் திறக்கப் போனேன். நீங்க கண்ணாலேயே அடக்குனீக.

“நாடா எறியுறது இருக்கட்டும். அறுந்த இழையை முடிச்சுப் போடுமா இந்தக் கை?”ன்னாரு.

நீங்க நேராத் தறிக்குழியில இறங்குனீக. உங்க தம்பி விட்டுட்டுப் போன பாவுல ஒரு இழையை நீங்களே அறுத்தீக. அந்தக் கண்ணுக்குத் தெரியாத நூலோட ரெண்டு முனையையும் வலது கை விரலால எடுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, நறுக்கி விட்டீக. அப்புறம் நாடாவை எறிஞ்சு ஒரு சாண் நெய்தீக. மடங்காத விரலெல்லாம் மடங்குது! பங்கீட்டுக்காரர் வெத்திலைய மென்னுக்கிட்டே தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. ‘நல்லது’ன்னு ஒரு வார்த்தை வரலை அந்த வாயில.

நான் சந்தோஷப்படணும், இல்லையா? தறி கைவிட்டுப் போகலை, சோறும் போகலை. ஆனா நிலைப்படியில உக்காந்து உங்களைத் திட்டுனேன்.

“கை விரல் மடங்கணும்னுதான் பூச்சி கட்டுறேன்னு என்கிட்ட ஏன் சொல்லலை? மீனு மீனுன்னு என்னைய ஏன் அலைய விட்டீக? ஊரு பூராவும் சிரிச்சுச்சே!”

நீங்க நாடாவுல தாரை மாத்திக்கிட்டே சொன்னீக: “மீன் வரலேன்னா ஊரு சிரிக்கும், அவ்வளவுதான். கை வரலேன்னா நீ அழுவ. ஊரு சிரிக்கிறதைத் தாங்கிக்குவேன், புள்ள.”

கேட்டவுக எல்லாம், “என்ன மனுஷன், பெண்டாட்டி மேல எம்புட்டுப் பாசம்”னு உருகுனாக. உருகட்டும். எனக்கு அன்னைக்கும் உருகலை, இன்னைக்கும் உருகலை. பட்டு நூலை முறுக்க நான் வேணும், சரிகை உருவ நான் வேணும், ஊரோட சண்டை போட நான் வேணும். உங்க பயத்துல பங்கு கேட்டா மட்டும் நான் ஆகாதா? அதென்ன நியாயம்?

அதுல புத்தி வந்துச்சா உங்களுக்கு? பல வருஷம் கழிச்சு, இந்த வருஷம் நெஞ்சைப் பிடிச்சீக. “வாயு, ஓமத்தண்ணி குடு”ன்னீக. நானும் மடச்சி மாதிரி ஓமத்தைக் கொதிக்க வச்சு வச்சுக் குடுத்தேன். பாலவனத்தம் ஊருல நம்ம சேலையைக் கேக்குறாக, பார்த்துட்டு வாரேன்னு ரெண்டு தரம் போனீகளே, போனது விருதுநகர் டாக்டர்கிட்ட. நீங்க போனதுக்கு அப்புறம் உங்க தம்பிதான் சொன்னாக. நெஞ்சுல கோளாறு, இனி அதிக நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். “அவகிட்ட சொல்லாதலே, அழுவா”ன்னு தம்பிகிட்ட சத்தியம் வாங்குனீகளாம். அந்தக் கடைசி வாரம் நான் உங்ககிட்ட மண்ணெண்ணெய் வாங்கிட்டு வரலைன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சிருந்தா வேற எதாவது பேசியிருப்பேன்ல.

இப்ப எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. யாராவது ‘ஒண்ணுமில்லை’ன்னு சொன்னா நம்புறதில்லை. தார் வாங்க வர்றவுக முகம் வாடியிருந்தாக் கையைப் பிடிச்சுக்கிட்டு, “உள்ளதைச் சொல்லு, அதுவரைக்கும் விடமாட்டேன்”ங்கிறேன். சண்டைக்காரின்னு பேரு. ஆனா சொல்லிடுறாக. பக்கத்து வீட்டுக்காரி கூட அவ வயித்துக் கட்டியை எங்கிட்டதான் மொதல்ல சொன்னா. நான்தான் டவுனு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியில ரெண்டு பேரும் பஸ்ஸுலயே அழுதோம்.

நான் அழுவேன்னு பயந்தீகளே, அழுதுட்டேன். உங்களைத் தூக்குன அன்னைக்குத் தெரு முனை வரைக்கும் கேக்குற மாதிரி அழுதேன். மறுநாள் விடிஞ்சுச்சு, எந்திரிச்சேன், முகத்தைக் கழுவுனேன், தார் சுத்த உக்காந்தேன். இம்புட்டுத்தான் என் அழுகை. இதுக்குப் பயந்துதானா என்னைய வெளிய நிப்பாட்டிட்டு நீங்க மட்டும் தனியாக் கிடந்தீக?