அண்ணியின் லண்டன் டொக்டர்

வெள்ளவத்தைச் சந்தையில் எவரையும் நம்பாத என் அருமை அண்ணாவுக்கு,

அண்ணியின் போன் வழியாக உங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் புகுந்தார். லண்டனில் டொக்டராம். உங்களோடு படித்தவராம். இணையத்தில் உங்கள் மரண அறிவித்தலைப் பார்த்து அழுதாராம். வழக்கம்போல அதில் உங்கள் ஊர், பள்ளிக்கூடம், பிள்ளைகளின் பெயர், அண்ணியின் நம்பர் எல்லாம் போட்டிருந்தோமே.

அறிவித்தலில் இல்லாத ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. முகம் காட்டச் சொன்னால் எப்போதும் வார்டில் நிற்கிறாராம். பல நாள் ஆறுதல் சொன்னவர், பிறகு மெல்லக் கிரிப்டோவில் காசு போடுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அண்ணி கொஞ்சம் போட்டார். லாபத்தோடு திரும்பி வந்தது. ருசி காட்டுகிறார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. அடுத்துப் போட்ட பெரிய தொகை திரையில் மட்டும் பெருகியது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்ட வேண்டுமாம். சொந்தக் காசை எடுக்க என்ன வரி, அண்ணா?

அந்த வரிக்காக, கழற்றி வைத்த தாலிக்கொடியை விற்கவென்று நேற்று அண்ணி செட்டியார் தெரு நகைக்கடைக்குப் புறப்பட்டு நின்றார். நான் மறித்தேன்.

“உமக்கு எல்லாரிலயும் சந்தேகம். உம்மட அண்ணரைப் போல,” என்றார்.

போனை வாங்கி, அவர் பார்த்திருக்கவே, அவர் எழுதுவதுபோல டொக்டருக்கு எழுதினேன்: “இவர் பள்ளிக்கூடத்தில பாடுவாரே, ஞாபகம் இருக்கா?”

உடனே பதில் வந்தது. “அந்தத் தேன் குரலை மறக்க முடியுமா?”

உங்கள் குரல்! நீங்கள் தேவாரம் தொடங்கினாலே பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடுவார்கள். பிடித்துவிட்டேன் என்று நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம்தான். ஆனா உம்மட அண்ணரைப் பற்றி ஒவ்வொரு நாளும் என்னோட கதைச்சது அந்தாள் மட்டும்தான். பேரெடுத்தா நான் அழுவன் எண்டு நீங்கள் எல்லாரும் வேற கதை கதைக்கிறியள்.”

ஒரு கள்ளனுக்குத் தெரிந்தது எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. போன காசு வருமோ தெரியாது. தாலிக்கொடி அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. இனிப் பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவேன். உங்கள் பெயரைச் சொல்லி, உங்களைப் பற்றியே அண்ணியோடு கதைப்பேன். அவர் அழுதால் நானும் கூட இருந்து அழுவேன். இது சத்தியம், அண்ணா.

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
கோமதி