பாதி இடம்

அக்டோபர் 7, செவ்வாய்

இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமலே வாசல்வரை நடந்திருக்கிறேன். முதுகெலும்பில் ஏதோ அழுத்துகிறதாம். உடனே ஸ்கேன் எடுக்காவிட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். இவரைப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

எடுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். அந்த இயந்திரத்துக்குள் உலோகம் கூடாதாம். மோதிரத்தைக் கழற்றினேன். கழுத்துச் சிலுவையையும் கேட்டாள் ஸ்கேன் எடுக்கிற பெண். என் வீட்டுக்காரரைப் புதைத்த அன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கொடுத்துவிட்டேன். குழாய்க்குள் படுக்கை நகர்ந்து, மூக்குக்கு நேரே கூரை வந்ததும் — முடியலை. அவசரத்துக்கென்று கையில் தந்திருந்த ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். வெளியே இழுத்ததும் விரிப்பு அழுக்கு என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். விரிப்பு வெள்ளைவெளேரென்றுதான் இருந்தது.

மருமகள்தான் கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “அடுத்த தடவ விரிப்ப நாமளே கொண்டுபோயிடலாம் அத்தை” என்றாள். கிண்டலா, கரிசனமா? இரண்டும் எனக்கு ஆகாது.

அக்டோபர் 12, ஞாயிறு

கோவிலில் வழக்கம்போலப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதல் வகுப்பில் சிஸ்டர் பழக்கியது: இருக்கையில் பாதி உனக்கு, பாதி ஆண்டவருக்கு. எழுபது வருடமாக நான் முழு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இன்று பூசையில் நற்கருணை அப்பம் வாங்கித் திரும்பும்போது தோன்றியது — இத்தனை காலம் இடம் விட்டேனே, அவர் இருக்கிறார் என்று நம்பித்தான் விட்டேனா? சிலுவையைக் கழற்றினால் அவரும் கழன்றுவிடுவாரா? உயிர்த்த இயேசுவைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவை அந்த வகுப்பில் அதிகம் பழித்தவள் நான்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடி நேரம் வாங்கச் சொன்னேன். நாளைக்கே கிடைத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கேட்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

எடுத்தாயிற்று.

சிலுவையை நானே கழற்றி மருமகள் கையில் வைத்தேன். படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, நீர் மட்டும் இரும் — அதற்குமேல் செபம் வரவில்லை.

ஸ்கேன் எடுக்கிற அந்தப் பெண் வந்து பார்த்தாள். “ஏம்மா இப்படி ஓரமா படுத்திருக்கீங்க? விழுந்துடப் போறீங்க.”

அப்போதுதான் கவனித்தேன். ஒரு ஆளுக்கே போதாத அந்தப் படுக்கையில் பாதி இடம் விட்டிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை.

“கூட ஒருத்தர் இருக்கார்,” என்றேன்.

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “உள்ள ஒருத்தருக்குத்தாம்மா இடம். நடுவுல வாங்க.”

நகர்ந்தேன். அவருக்கு இடம் பார்த்துக்கொள்ளத் தெரியும். உள்ளே சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம். பயம் போகவில்லை. பந்தை அழுத்தவும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

கட்டிதான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சிலுவை இன்னும் மருமகளிடம்தான் இருக்கிறது, நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பையில் அவள் வெள்ளை விரிப்பு ஒன்றை மடித்து வைத்தாள். எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தேன்.

“அவங்க விரிப்பே போதும். அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“தெரியும் அத்தை,” என்றாள்.