அவிழ்க்கும் நாள் குறிக்காத காப்பு

அனுப்புநர்:
வ. சௌந்தரபாண்டியன், எம்.எஸ்சி. (வேதியியல்), வயது 54,
இராஜபாளையம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: என் மனைவி ஜெயபாய் 27.05.2021 அன்று இறந்தது கொரோனாவால் என்று பதிவு செய்யக் கோருதல் – ஐந்தாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவால் எதுவும் நடக்கும் என்று நம்பி எழுதவில்லை. முந்தைய நான்கிற்கும் ‘பரிசோதனை முடிவு இணைக்கப்படவில்லை’ என்ற ஒரே பதில் வந்தது. இல்லாததை இணைக்க இயலாது. அது ஏன் இல்லை என்பதை இம்முறை எழுதுகிறேன். சென்ற முறை வரிசையில் பின்னால் நின்றவர் என் தாளை எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, கொரோனாவே ஊர விட்டுப் போயிருச்சு, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?” என்றார். வரிசையே சிரித்தது.

2. நானும் என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்த்தோம். நான் தர ஆய்வாளர். அவள் பேக்கிங் பிரிவு. 2020 ஆகஸ்டில் அவளுக்குக் கொரோனா வந்து குணமானது. அக்டோபரில் ஆலை நிர்வாகம், நோயிலிருந்து மீண்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தது. ஆன்டிபாடி, அதாவது அந்நோயை எதிர்க்க உடலில் உண்டாகும் புரதம், இருப்பதாக முடிவு வந்த பதினொரு பேரின் மணிக்கட்டில் பச்சைச் சாயம் தோய்த்த பேண்டேஜ் துணியைக் கட்டிவிட்டார் மேலாளர் விமல். அவர் என்னிடம் வேலை பழகியவர். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவியில் இருந்தவர். இங்கு தேவையில்லை என்றாலும் எழுதுகிறேன்.

3. அத்துணியைத் தொழிலாளர்கள் காப்பு என்றார்கள். எங்கள் பகுதியில் மாரியம்மன் கோவில் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கும் நாளையும் அன்றே சொல்லிவிடுவார்கள். இதற்கு அப்படி ஒரு நாளை எவரும் சொல்லவில்லை. நைந்தால் புதுத் துணி கட்டினார்கள். ரத்தத்தை மறுபடி பார்க்கவில்லை.

4. 2021 மே முதல் வாரம் ஆலை விடுதியில் நோய் பரவியது. படுத்துக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொடுக்கவும் துணி மாற்றவும் காப்புக் கட்டியவர்களை அனுப்ப முடிவாயிற்று. “ஏழு மாசம் ஆயிருச்சே தம்பி, அது இன்னமுமா ஒடம்புல இருக்கும்?” என்று என் மனைவி கேட்டாள். “காப்புக் கட்டுனவுகளுக்கு வராதுக்கா. ஒங்கள விட்டா வேற ஆரு போவா?” என்றார் விமல்.

5. விடுதிக்குப் போன பதினைந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில் கையில் இருந்த காப்பைப் பார்த்தார்கள், அக்டோபர் மாதப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்கள். “வந்து போனவுகதானே” என்று டைஃபாய்டுக்கு ஊசி போட்டார்கள். கொரோனாவுக்குச் சளி மாதிரி எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது, நுரையீரலை ஸ்கேன் எடுத்தார்கள். ஆறாம் நாள் இறந்தாள். சான்றிதழில் நுரையீரல் அழற்சி என்று உள்ளது. அவளுக்கு எதிர்ப்பு இருந்தபடியால் விடுதியில் தொற்றியிருக்க வழியில்லை என ஆலை எழுதிக் கொடுத்துள்ளது. ஆதாரம், அதே அக்டோபர் மாதத் தாள்.

6. அத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி உண்டு: இம்முடிவு ரத்தம் எடுத்த நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஆன்டிபாடி மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், யாருக்கு எத்தனை மாதம் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதையும் படித்தேன். அவள் இறந்த பிறகு.

7. முந்தைய மனுக்களில் மறைத்ததையும் எழுதுகிறேன். விமல் சொன்னதை அவள் நம்பவில்லை. அன்று மாலை அத்தாளை என்னிடம் நீட்டி, “நீங்க படிச்சவுக. பாத்துச் சொல்லுங்க, போகட்டுமா?” என்றாள். அவனிடம் கேட்டுவிட்டுத்தானே என்னிடம் வருகிறாள் என்ற எரிச்சலில் இருந்தேன். ஆன்டிபாடி அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்தேன், பெரிதாக இருந்தது. அடிவரியைப் படிக்கவில்லை. “இம்புட்டு இருக்கு, ஒரு வருசம் தாங்கும், போ” என்றேன். அவளை விடுதிக்கு அனுப்ப ஆலை கேட்ட சம்மதக் கடிதத்தில் கணவன் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

8. சான்றிதழில் உள்ளதையே எங்கள் மகள் பாண்டிசெல்வி நம்புகிறாள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆகவே, இணைத்துள்ள நுரையீரல் ஸ்கேன் படத்தை மருத்துவர் குழுவின் பார்வைக்கு அனுப்பி, இறப்புக் காரணத்தைத் திருத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உதவித்தொகை கோரவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தால், அவளை விடுதிக்கு அனுப்பியவர்களின் பட்டியலில் விமலின் பெயருக்கு மேலே என் பெயரை எழுத வேண்டும்.

இடம்: இராஜபாளையம்
நாள்: 10.02.2025

இங்ஙனம்,
வ. சௌந்தரபாண்டியன்