முனிக்குக் கதவு கிடையாது

ஜூலை 8, செவ்வாய்

மாமா, நான் லைசென்ஸ் பாஸ்! ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன், காடி பின்னால் உருளவே இல்லை. ஆபீசர் மலாயில் "லூலுஸ்", பாஸ் என்றதும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பாவம், மிரண்டுபோனார்.

இந்த ஆடிக்கு உங்கள் காடியை நானே ஓட்டிக்கொண்டு போய் முனியாண்டிக்குப் படையல் போடுவேன். வருஷா வருஷம் போடுவதாக அவருக்குச் சொன்னவர் நீங்கள். மாசியில் நீங்கள் போய்விட்டால் சொன்ன சொல்லும் போய்விடுமா?

ஜூலை 13, ஞாயிறு

உங்கள் தம்பி தர்மா வந்தார். படையல் போடப் போவதைச் சொன்னேன்.

"அண்ணி, சாவு விழுந்த வீடு. ஒரு வருசத்துக்குக் கோயில் பக்கம் போகக்கூடாது, தெரியாதா? காடிய வித்துருங்க. யாரு ஓட்டப் போறா?"

"நாந்தான்."

"நீங்களா? அப்ப முனிய ஓரமா நிக்கச் சொல்லணும்லா!"

அவர் போன பிறகு அழுதேன். புருசன் செத்தா சாமியுமா செத்துப் போவுது? என்ன நியாயம் இது?

ஜூலை 14

துணி காயப்போடும்போது யோசித்தேன். மாரியம்மனுக்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு. கோப்பெங் பக்கம் நம் பழைய தோட்டத்தில் முனிக்கு என்ன இருக்கிறது? ஒரு மரம், ஒரு கல், ஓர் அரிவாள். நாம் குடியிருந்த லயம் இடிந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அவர் மட்டும் நகரவில்லை. கூரை போட வந்தவர்களிடம் "காவக்காரருக்கு எதுக்குடா கூரை?" என்று சண்டை போட்டீர்களே. லாரி ஓட்டும் சீனன்கூட இறங்கிக் கும்பிட்டுப் போவான். யாரையும் தள்ளி நில் என்று சொல்லாதவர் என்னை மட்டும் சொல்வாரா? விரட்டினால் அப்புறம் என்ன காவல்?

பூசாரி சுகுமாரனுக்குப் போன் போட்டேன்.

"முனியா வேணாம்னாரு? தர்மாண்ணேதானே சொன்னாரு. வாங்கக்கா. கோழி மட்டும் நாட்டுக்கோழியாப் பாத்து."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போய்ச் சேர்ந்தேன்! சேலையெல்லாம் வேர்வை. தர்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். துணைக்காம்.

சுருட்டு, கறுப்பு பீர், கோழிக்கறி எல்லாம் படைத்தோம். காடிக்கும் பூசை. சுகுமாரன் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "முன்னால எடுங்கக்கா" என்றார். நான் ரிவர்ஸ் போட்டுவிட்டேன். பழம் அப்படியே கிடந்தது. பின்னால் நின்ற தர்மாவின் மோட்டார் சைக்கிள்தான் விழுந்தது.

"அண்ணீ! முனி ஓரமாத்தான் நிக்கிறாரு, நாந்தான் மாட்டிக்கிட்டேன்!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான். வயிறு வலிக்கச் சிரித்தேன், மாமா. மாசிக்குப் பிறகு இன்றைக்குத்தான். படைத்ததைத் தனியாகத் தின்னக்கூடாது என்பது முனி கணக்கு. ரோட்டில் போனவர்களையும் கூப்பிட்டு இலை போட்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

தர்மாவின் மகளுக்குத் தைப்பிங்கில் ஆண் குழந்தை. காலையிலேயே போன் வந்துவிட்டது. "அண்ணி, காடி எடுங்களேன், பாத்துட்டு வந்துருவோம்." காடியை விற்கும் பேச்சே இல்லை.

அடை மழை. முன் சீட்டில் உட்கார்ந்து போகவர "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் ஓட்டி, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து ஒரு நாளும் போனதில்லையே. நீங்களா இருந்தா சும்மா வந்திருப்பீங்களா, மாமா, இல்ல நீங்களும் கத்தியிருப்பீங்களா?