வள்ளப் பட்டறையின் முதலாளி

வைகாசி 1964, செவ்வாய் இரவு.

வள்ளம் திருத்தும் பட்டறையில் தச்சுவேலை செய்யும் ஜமால்தீனுக்குத் தைப்பொங்கலுக்குப் பின் சம்பளமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டபின் நான் எழுதிக்கொடுத்த முறைப்பாட்டை, முதலாளியின் பெயர் பிழையென்று அரசாங்கத் தொழில் கந்தோர் திருப்பியனுப்பிவிட்டது. பட்டறையை நடத்தும் சகோதரர் இருவரில் மூத்தவரான இராசையரைக் கேட்டால் தம்பிதான் முதலாளி என்கிறார். தம்பியோ அண்ணனைக் காட்டுகிறார். கோயில் திருவிழாவில் மாலைக்குக் கழுத்தை நீட்டும்போது மட்டும் இருவருமே முதலாளிகள்.

இம்முறை தம்பியின் பெயரை எழுதுவோம் என்று ஜமால்தீனிடம் சொன்னேன். அவர் அதைத் தேநீர்க்கடையில் சொல்லிவிட்டார். மாலையில் இராசையரின் மனைவி வந்து, கதிரையில்கூட அமராமல் பொரிந்து தள்ளினார்.

"என்ன ரீச்சர், அந்தத் தம்பிக்காரனோ முதலாளி? இனி அவன்ர பெண்சாதியைக் கையிலை பிடிக்கேலுமோ?"

"அப்ப உங்கட மனுசனோ?"

"அவரோ! பட்டறை என்ர சீதனக் காசிலை எடுத்தது. பதிவும் என்ர பேரிலைதான். ரெண்டு பேரும் எனக்குக் கீழைதான் வேலை!"

"சம்பளம் குடுக்கவேண்டிய ஆளின்ர பேரைத்தான் எழுதப் போறன்," என்று நேராகவே சொன்னேன்.

"எழுதுங்கோ! ஆரெண்டு ஊருக்கு விளங்கட்டும்."

முழுப்பெயரைக் கேட்டேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எழுதியதை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"கொஞ்சம் பெரிசா எழுதுங்கோ ரீச்சர்."

பெரிதாகவே எழுதினேன். படிவத்தில் இடம் போதாமல் பெயர் ஓரத்தில் ஏறி நிற்கிறது. காலையில் ஜமால்தீன் அதைக் கந்தோரில் கொடுப்பார். இராசையர் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.