அடுப்படியை ஒட்டிப் போகும் ரயில்

கோபக்காரிக்கு,

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே.

சாயங்காலம் வீட்டு புரோக்கர் வருவார். அவரோடு போய் அந்த வீட்டை இன்னொரு தடவை பார். போன தடவை அந்த ஆள் ரயில் வராத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனார். ரயில் ஓட்டுகிறவனிடமே வேலையைக் காட்டுகிறார். இன்றைக்கும் "கெளம்பலாமாம்மா"ன்னு அவசரப்படுத்துவார். நீ நகராதே. அடுப்படியிலேயே நில். ஆபீஸ் விட்டு வரும் கூட்டத்தோடு என் வண்டி அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் போகும்.

பாத்திரம் ஆடுகிறதா, காது அடைக்கிறதா என்று நீயே பார். தாங்காது என்றால் விட்டுவிடலாம், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தனி ரூமோடு, நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு இந்த ஊரில் அது ஒன்றுதான்.

"நாள் பூரா ரயில்லதானே கெடக்கறீங்க, வீட்லயும் அது வேணுமா?" என்று நேற்று கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது ஷூ மாட்டும்போதுதான் வந்தது. இத்தனை வருஷமாக ஊரார் வீட்டு அடுப்படிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். ஒன்றிலாவது தெரிந்த முகம் இருந்தால் நன்றாக இருக்கும்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. பெரியவள் ஸ்கூல் விட்டு முதலில் வருவாள்.

பி.கு.: உனக்காக ஹாரனை அடக்கி வாசிக்க மாட்டேன். முழுச் சத்தத்தையும் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

இன்னொன்று: வீடு பிடித்திருந்தால் ஜன்னலில் நின்று கை காட்டு. பிடிக்காவிட்டாலும் காட்டு.